வணிகக் கட்டிடத்தின் மின் பயன்பாடு: பில்லையும் மீட்டரையும் படிப்பது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அலுவலகக் கட்டிடம், மருத்துவமனை, ஜவுளிக்கடை, கல்லூரி என்று எதையாவது பராமரிக்கும் பொறுப்பில் இருப்பவர்கள் கேட்கும் கேள்விகள் இவை. கணக்குகள் எளிதாகப் புரிய, கீழே நெடுக ஒரே கற்பனைக் கட்டிடத்தை உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன். சென்னையில் ஐந்து மாடி அலுவலகம், 5,000 சதுர மீட்டர், 11 கேவி ஹெச்டி (உயர் அழுத்த) இணைப்பு, ஒப்பந்த டிமாண்ட் (மின்வாரியத்தோடு ஒப்பந்தம் போட்ட அதிகபட்ச லோடு) 250 கேவிஏ, மாதம் 60,000 யூனிட். எண்கள் உதாரணத்துக்குத்தான் என்றாலும், கணக்குப் போடும் முறை உங்கள் கட்டிடத்துக்கும் அப்படியே பொருந்தும்.

மாதாமாதம் பில் வருகிறதே, அதைப் பார்த்தால் போதாதா?

எவ்வளவு செலவானது என்று பில் சொல்லிவிடும். எப்போது செலவானது என்று அநேகமாகச் சொல்லாது. 60,000 யூனிட்டில் ஞாயிற்றுக்கிழமை மதியம் ஆளில்லாத மூன்றாவது மாடிக்கு எவ்வளவு போனது என்று அதில் தேடினால் கிடைக்காது. நேரம் தெரிந்தால், எந்தக் கருவி என்பது பாதி தெரிந்த மாதிரிதான். விடியற்காலை இரண்டு மணிக்குக் கட்டிடத்தில் ஓடக்கூடியவை எவை என்று விரல்விட்டு எண்ணிவிடலாம். பகல் இரண்டு மணிக்கு அது நடக்காது.

அதற்காகப் பில்லைத் தூக்கிப் போடவும் வேண்டாம். பலர் கடைசி வரியில் இருக்கும் தொகையை மட்டும் பார்த்துவிட்டு அக்கவுண்ட்ஸ் பிரிவுக்கு அனுப்பிவிடுகிறார்கள். மேலே இருக்கும் வரிகளில்தான் விஷயம் இருக்கிறது.

சரி, பில்லில் எந்த வரிகளைப் பார்க்க வேண்டும்?

ஹெச்டி பில் என்றால் முதலில் பதிவான உச்ச டிமாண்ட். அப்புறம் சராசரி பவர் ஃபேக்டர் (எடுக்கும் கேவிஏவில் எவ்வளவு பங்கு கிலோவாட்டாக, அதாவது உண்மையில் வேலைக்கு ஆகிறது என்ற விகிதம்). அதன்பின் உச்ச நேரத்தில் எத்தனை யூனிட் என்ற பிரிவு. தமிழ்நாட்டில் காலை 6 முதல் 10 வரையும் மாலை 6 முதல் 10 வரையும் உச்ச நேரம். அந்த நேரத்து யூனிட்டுக்கு 25 சதவீதம் கூடுதல். இவற்றோடு ரீடிங் எடுத்த தேதிகளையும், மீட்டர் பெருக்கல் எண்ணையும் (எம்எஃப் என்பார்கள்; ரீடிங்கை இதனால் பெருக்கினால்தான் யூனிட்) குறித்துக்கொள்ளுங்கள்.

இந்த வரிகளை வைத்தே ஒரு சின்னக் கணக்குப் போடலாம். 60,000 யூனிட்டை 720 மணி நேரத்தால் வகுத்தால் சராசரி லோடு 83 கிலோவாட். பதிவான உச்சம் 230 கேவிஏ, பவர் ஃபேக்டர் 0.96 என்றால் அது ஏறத்தாழ 221 கிலோவாட். 83-ஐ 221-ஆல் வகுத்தால் 38 சதவீதம். இதுதான் லோடு ஃபேக்டர். பகலில் மட்டும் இயங்கும் அலுவலகத்துக்கு இது சகஜம். மூன்று ஷிஃப்ட் ஓடும் கால் சென்டரில் இதைவிட நன்றாகவே கூடுதலாக இருக்கும். ஒற்றை ஷிஃப்ட் அலுவலகம் 60 சதவீதத்தைத் தொட்டால் சந்தோஷப்பட வேண்டாம். இரவில் எதையோ அணைக்காமல் விடுகிறார்கள் என்று பொருள்.

டிமாண்ட் என்றால் என்ன? ஒரு நொடி ஏறினாலும் பதிவாகிவிடுமா?

ஆகாது. மீட்டர் ஒரு குறிப்பிட்ட இடைவெளிக்கு (இந்தியாவில் 15 அல்லது 30 நிமிடம்) சராசரி எடுத்து, அந்த மாதத்தின் மிக உயர்ந்த சராசரியைப் பதிவு செய்கிறது. லிஃப்ட் கிளம்பும்போதும் மோட்டார் ஸ்டார்ட் ஆகும்போதும் சில விநாடி ஏறுகிற கரண்ட் இதில் கரைந்துவிடும். டிமாண்ட் ஏறிவிட்டது என்று லிஃப்ட்டைக் குறை சொல்வதை அடிக்கடி கேட்கலாம். பாவம், அதற்கும் இதற்கும் பெரிய சம்பந்தமில்லை.

உண்மையான காரணம் பெரும்பாலும் ஏசிதான். திங்கட்கிழமை காலை அதற்குப் பேர்போன நேரம். சனி, ஞாயிறு முழுவதும் வெயிலில் சூடேறிய கட்டிடத்தில், ஒன்பது மணிக்கு எல்லா மாடி ஏசியையும் ஒரே நேரத்தில் போடுகிறார்கள். எல்லா கம்ப்ரஸரும் முழு மூச்சில் ஒரு மணி நேரமாவது ஓடும். அந்த மாதத்தின் உச்சம் அங்கேயே பதிவாகிவிடும், அதுவும் காலை உச்ச நேரத்துக்குள். இன்னொரு காரணம், கரண்ட் போய்த் திரும்பி வரும் தருணம். எல்லாம் ஒன்றாக எழுந்து, சூடேறிய இடத்தைக் குளிர்விக்க ஒன்றாக ஓடும். மாடிக்கு மாடி இருபது நிமிட இடைவெளி விட்டு ஏசி போடச் சொன்னாலே உச்சம் இறங்கும். ஆனால் ரொம்ப முன்னதாகத் தொடங்கினால் டிமாண்டில் மிச்சம் பிடித்ததை யூனிட்டில் விட்டுவிடுவீர்கள். இரண்டையும் ஒரு வாரம் மாற்றி மாற்றிப் பார்த்து, உங்கள் கட்டிடத்துக்கு எது ஒத்துவருகிறது என்று முடிவு செய்யுங்கள்.

ஒப்பந்த டிமாண்டைக் குறைத்தால் லாபமா?

பல கட்டிடங்களில் லாபம்தான். ஒரு ரூபாய்கூட முதலீடு இல்லாத சேமிப்பு என்பதால் முதலில் இதைப் பார்க்கச் சொல்வேன். தமிழ்நாட்டில் பதிவான டிமாண்ட், ஒப்பந்த டிமாண்டில் 90 சதவீதம், இந்த இரண்டில் எது அதிகமோ அதற்குத்தான் கட்டணம். 300 கேவிஏ வாங்கி வைத்துக்கொண்டு 190-க்கு மேல் ஏறாத கட்டிடம் மாதாமாதம் 270-க்குப் பணம் கட்டுகிறது. கேவிஏவுக்கு 600 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், பயன்படுத்தாத 80 கேவிஏவுக்கு மாதம் 48,000 ரூபாய்.

ஆனால் ஒப்பந்தத்தைத் தாண்டினால், தாண்டிய பகுதிக்கு இரட்டிப்புக் கட்டணம். அதனால் டிசம்பர் பில்லை மட்டும் பார்த்துவிட்டுக் குறைக்காதீர்கள். மே, ஜூன் உள்பட குறைந்தது பன்னிரண்டு மாதப் பதிவை வரிசையாக எழுதி, அதில் மிக உயர்ந்ததற்கு மேல் கொஞ்சம் இடம் விட்டு முடிவு செய்யுங்கள். காலியாக இருக்கும் மாடிக்கு வாடகைதாரர் வரப்போகிறார் என்றால் பொறுத்திருங்கள்.

கருவி எதுவும் வாங்காமல் கண்காணிப்பைத் தொடங்க முடியுமா?

முடியும். அப்படித்தான் தொடங்கவும் வேண்டும். இரவு எட்டு மணிக்கு ஒரு ரீடிங், காலை எட்டு மணிக்கு ஒரு ரீடிங். செக்யூரிட்டியிடம் சொன்னால் போனில் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் போட்டுவிடுவார். போட்டோவில் நேரமும் இருக்கும், எண்ணைத் தப்பாக எழுதிவிட்டார் என்ற பேச்சுக்கும் இடமில்லை.

நம் உதாரணக் கட்டிடத்தின் ஹெச்டி மீட்டரில் எம்எஃப் 300 என்று வைத்துக்கொள்வோம். இரவு எட்டுக்கும் காலை எட்டுக்கும் இடையே ரீடிங் 1.4 கூடியிருக்கிறது. 1.4 பெருக்கல் 300, அதாவது 420 யூனிட். பன்னிரண்டு மணி நேரத்தால் வகுத்தால் 35 கிலோவாட். ஆளில்லாத கட்டிடம் விடிய விடிய 35 கிலோவாட் எடுக்கிறது. எம்எஃப்பை மறந்தால் 1.4 யூனிட்தானே என்று விட்டுவிடத் தோன்றும். இப்படி மறப்பது நீங்கள் நினைப்பதைவிட அதிகம். டிஸ்பிளேயில் டெசிமலுக்குப் பின் எத்தனை இலக்கம் வருகிறது என்றும் கவனியுங்கள். ஒரே ஓர் இலக்கம் என்றால் அது 30 யூனிட்டுக்கு ஒருமுறைதான் மாறும். ஒரு மணி நேர ரீடிங் எடுப்பதில் அர்த்தமே இருக்காது.

இந்த நிமிடம் எவ்வளவு லோடு என்று மீட்டரைப் பார்த்தே சொல்ல முடியுமா?

டிஸ்பிளே மாறி மாறிக் காட்டும் எண்களில் கிலோவாட்டும் வந்தால் வேலை சுலபம். இல்லையென்றால் மீட்டர் முகப்பில் மினுக்கும் சிவப்பு எல்இடி இருக்கிறது. ஒரு யூனிட்டுக்கு எத்தனை துடிப்பு என்று பக்கத்திலேயே அச்சிட்டிருக்கும். 3200 என்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். போனில் ஸ்டாப்வாட்ச்சைப் போட்டுப் பத்துத் துடிப்புக்கு எத்தனை விநாடி என்று பாருங்கள். ஒன்பது விநாடி என்றால், 3600 பெருக்கல் 10, அதை 3200 பெருக்கல் 9-ஆல் வகுத்தால் 1.25 கிலோவாட். எல்டி (தாழ்வழுத்த) இணைப்பில் 100/5 சிடி (100 ஆம்பியரை 5 ஆம்பியராகக் குறைத்து மீட்டருக்குத் தரும் கரண்ட் டிரான்ஸ்பார்மர்) வைத்த மீட்டர் என்றால் இருபதால் பெருக்க வேண்டும்: 25 கிலோவாட். எண்ணும்போது முதல் துடிப்பைப் பூஜ்யம் என்று தொடங்குங்கள். ஒன்று என்று தொடங்கினால் கணக்கில் ஒரு துடிப்பு இடிக்கும்.

ஒவ்வொரு மாடி பிரேக்கரையும் இறக்கும் முன்னும் பின்னும் இப்படி எண்ணினால், ஒரு மாலைப் பொழுதில் கட்டிடத்தின் லோடு எங்கெங்கே பிரிகிறது என்று தெரிந்துவிடும். பிரேக்கரைத் தொடும் வேலை மட்டும் எலக்ட்ரீஷியனுடையது. சர்வர், லிஃப்ட், தீயணைப்பு பேனல்களை முன்கூட்டியே சொல்லாமல் அணைக்கக் கூடாது.

இரவு லோடுக்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம் தருகிறீர்கள்? பகலில்தானே அதிகம்?

பகல் லோடு உயரமானது, இரவு லோடு நீளமானது. மேலே வந்த 35 கிலோவாட், பகலிலும் மற்ற லோடுகளுக்கு அடியில் ஓடிக்கொண்டேதான் இருக்கிறது. 35 பெருக்கல் 720 மணி, 25,200 யூனிட். மொத்தம் 60,000-ல் இது 42 சதவீதம்! பகல் விளக்குகளை எல்இடியாக மாற்றுவது பற்றி மூன்று மீட்டிங் போடும் நிர்வாகம் இந்த 42 சதவீதத்தைப் பற்றிப் பேசியே இருக்காது.

அத்தனையும் வீண் என்று சொல்லவில்லை. சர்வர் அறை, அதன் ஏசி, யுபிஎஸ், பாதுகாப்பு விளக்குகள், கேமரா, நீர் பம்ப் ஆகியவை இருந்தே தீரும். கேள்வி, அவற்றுக்கு 35 வேண்டுமா, 20 போதுமா என்பதுதான். இரவு 12 மணி நேரம் 10 கிலோவாட்டைக் குறைத்தால் மாதம் 3,600 யூனிட். யூனிட் 9 ரூபாய் என்றால் 32,400 ரூபாய். பகலில் யாரும் வியர்க்காமல் கிடைக்கும் பணம்.

அந்த இரவு லோடு எங்கே ஒளிந்திருக்கும்?

ஒரு நாள் இரவு பதினொரு மணிக்கு மேல் ஒரு கிளாம்ப் மீட்டரோடு கட்டிடத்தைச் சுற்றிவாருங்கள். திரையில் பார்ப்பதைவிட இது அதிகம் சொல்லும். கழிப்பறை எக்ஸாஸ்ட் ஃபேன்கள் ஓடிக்கொண்டிருக்கும். பேஸ்மென்ட் வென்டிலேஷன், கார் இல்லாத தளத்துக்குக் காற்று வீசிக்கொண்டிருக்கும். மீட்டிங் அறை ஸ்பிளிட் ஏசி 18 டிகிரியில் யாரும் இல்லாமல் இருக்கும். பேன்ட்ரியில் வெந்நீர் டிஸ்பென்சர் இரவெல்லாம் சூடாகிக்கொண்டே இருக்கும். தூக்கத்தில் இருக்கும் கணினி மானிட்டர்கள் ஒவ்வொன்றும் சிறியதுதான், நானூறு சேர்ந்தால்தான் கணக்கு.

யுபிஎஸ்ஸைத் தனியாகச் சொல்ல வேண்டும். எதிர்காலத் தேவைக்கு என்று 100 கேவிஏ வாங்கி, 15 சதவீத லோடில் ஓட்டுவார்கள். லோடு எவ்வளவு குறைந்தாலும் யுபிஎஸ் தன் பங்குக்கு ஒரு நஷ்டத்தை வெப்பமாக வெளியே தள்ளிக்கொண்டேதான் இருக்கும். அந்த வெப்பத்தை எடுக்க யுபிஎஸ் அறைக்கு ஓர் ஏசி. ஆக ஒரே தவறுக்கு இரண்டு முறை பணம். இன்புட் கிலோவாட், அவுட்புட் கிலோவாட் இரண்டையும் யுபிஎஸ் டிஸ்பிளேயில் பார்த்துக் கழித்தால் நஷ்டம் எவ்வளவு என்று அங்கேயே தெரியும்.

சப்மீட்டர் எத்தனை வைக்க வேண்டும்?

எல்லா பிரேக்கருக்கும் என்று கொட்டேஷன் தருவார்கள். வேண்டாம். மெயின் ஒன்று, ஏசி பிளான்ட் அல்லது விஆர்எஃப் (ஓர் அவுட்டோர் யூனிட்டில் பல அறைகளைக் குளிர்விக்கும் ஏசி) அவுட்டோர் யூனிட்டுகளின் ஃபீடருக்கு (அவற்றுக்கு மின்சாரம் தரும் கேபிளுக்கு) ஒன்று, யுபிஎஸ் இன்புட்டுக்கு ஒன்று, ஜெனரேட்டருக்கு ஒன்று, சோலார் இருந்தால் அதற்கு ஒன்று. மாடிவாரியாக வாடகைதாரர்கள் இருந்தால் மாடிக்கு ஒன்று. நம் ஊர் அலுவலகங்களில் மொத்த மின்சாரத்தில் ஏறத்தாழ பாதி ஏசிக்கே போவதால், ஏசியைத் தனியாகப் பிரித்துப் பார்த்தாலே பாதிப் படம் தெளிவாகிவிடும்.

சப்மீட்டர் வைத்த பிறகு கணக்கு ஒத்துப்போகவில்லை. மெயின் ஒன்று சொல்கிறது, கூட்டினால் வேறொன்று வருகிறது.

இரண்டு, மூன்று சதவீத வித்தியாசம் என்றால் விடுங்கள். ஹெச்டி மீட்டர் 11 கேவி பக்கத்தில் இருக்கிறது. டிரான்ஸ்பார்மர் நஷ்டமும் அதில் சேரும், உங்கள் சப்மீட்டரில் சேராது. மீட்டர்களின் துல்லியத்திலும் சிடியின் துல்லியத்திலும் கொஞ்சம் போகும்.

பெரிய வித்தியாசம் என்றால் மீட்டரைச் சந்தேகிக்கும் முன் சிடியைப் பாருங்கள். கேபிளைச் சுற்றி மாட்டும் அந்த வளையம் தலைகீழாக மாட்டப்பட்டிருப்பது மிகச் சாதாரணம். அதில் பி1, பி2 என்றோ அம்புக்குறியாகவோ அடையாளம் இருக்கும்; கரண்ட் பி1 பக்கம் நுழைந்து பி2 பக்கம் வெளியேற வேண்டும். மூன்று ஃபேஸில் ஒன்று திரும்பியிருந்தால், அந்த ஃபேஸ் மைனஸில் ஓடி மொத்தம் மூன்றில் ஒரு பங்காகிவிடும். 90 கிலோவாட் ஃபீடர் 30 என்று காட்டும். ஆர் ஃபேஸ் சிடியும் ஒய் ஃபேஸ் சிடியும் ஒன்றுக்கொன்று மாறியிருந்தால் இன்னும் வேடிக்கை: சமமான லோடில் மொத்தம் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் நிற்கும், ஆம்பியர் மட்டும் சரியாகவே காட்டும். ஆம்பியரைப் பார்த்துவிட்டு 'மீட்டர் நன்றாகத்தான் இருக்கிறது' என்று எலக்ட்ரீஷியன் போய்விடுவார்.

சோதிப்பது சுலபம். மீட்டரில் ஃபேஸ்வாரி பக்கத்துக்குப் போங்கள். 230 வோல்ட், 100 ஆம்பியர், பவர் ஃபேக்டர் 0.95 என்றால் அந்த ஃபேஸில் 21.9 கிலோவாட் இருக்க வேண்டும். மூன்றிலும் இந்த மாதிரி வருகிறதா, எங்காவது மைனஸ் குறி இருக்கிறதா, ஒரு ஃபேஸின் பவர் ஃபேக்டர் மட்டும் நம்ப முடியாத அளவுக்கு விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். அப்புறம் மீட்டரில் செட் செய்த சிடி விகிதமும், சிடி மேல் ஒட்டியிருக்கும் விகிதமும் ஒன்றா என்று ஒப்பிடுங்கள். 200/5 சிடியை மாட்டிவிட்டு மீட்டரில் 100/5 என்று விட்டிருந்தால் எல்லாமே சரி பாதியாகத் தெரியும். நிறுவிய நாளிலேயே இந்தச் சோதனையை முடித்துக் கையெழுத்து வாங்குங்கள். ஆறு மாதம் கழித்துக் கண்டுபிடித்தால் அதுவரை சேர்த்த தரவை நம்பி எதையும் முடிவு செய்ய முடியாது.

எத்தனை நிமிடத்துக்கு ஒருமுறை பதிவு செய்ய வேண்டும்?

15 நிமிடம் போதும். ஒரு குறிப்பிட்ட கம்ப்ரஸர் அடிக்கடி ஆன், ஆஃப் ஆகிறதா என்று பார்க்க வேண்டுமானால் மட்டும் சில நாளைக்கு 1 நிமிடத்துக்கு மாற்றுங்கள். முக்கியமான ஒன்று: கிலோவாட்டை மட்டும் சேமிக்காமல், மீட்டரில் ஏறிக்கொண்டே போகும் யூனிட் எண்ணையும் சேமியுங்கள். நெட்வொர்க் மூன்று மணி நேரம் போனாலும், முன்னும் பின்னும் உள்ள யூனிட் எண்ணைக் கழித்து இடைவெளியை அடைத்துவிடலாம். கிலோவாட் மட்டும் இருந்தால் அந்த மூன்று மணி நேரம் போனது போனதுதான். மீட்டர் கடிகாரத்தையும் அவ்வப்போது சரிபாருங்கள்.

கிராஃப் வந்துவிட்டது. அதில் எதைத் தேடுவது?

ஒரு வாரத்தின் ஏழு நாளையும் ஒன்றின்மேல் ஒன்றாகப் போட்டுப் பாருங்கள். முதலில் அடித்தளம்: ஞாயிறு இரவும் புதன் இரவும் ஒரே உயரத்தில் இருக்க வேண்டும். ஒரு நாள் மட்டும் உயர்ந்திருந்தால் அன்று யாரோ எதையோ அணைக்கவில்லை.

காலை ஏற்றம் எப்போது தொடங்குகிறது? ஊழியர்கள் ஒன்பதரைக்கு வரும் அலுவலகத்தில் ஏழு மணிக்கே கோடு ஏறினால் டைமரைப் பாருங்கள். கோவிட் காலத்தில் போட்ட டைமர் செட்டிங் இன்னும் மாறாமல் இருக்கும் கட்டிடங்கள் உண்டு. மாலையில் இறங்குவது இதைவிடச் சுவாரசியம். ஆறரைக்கு எல்லாரும் கிளம்பியும் ஒன்பது வரை கோடு இறங்காமல் நிற்கிறது என்றால், அநேகமாக ஹவுஸ்கீப்பிங். மூன்று பேர் ஒரு மூலையைத் துடைக்க முழு மாடி விளக்கும் ஏசியும் எரிகிறது, அதுவும் 25 சதவீதம் கூடுதல் நேரத்தில். மாடி மாடியாக முடித்து அணைத்துக்கொண்டே வரச் சொல்லுங்கள். அல்லது காலை வெளிச்சத்துக்கு வேலையை மாற்றுங்கள். அப்படி மாற்றினால் ஏசி போடாமல் பார்த்துக்கொள்ளுங்கள், காலையும் உச்ச நேரம்தான்.

மே மாத மதியத்தில் ஏசி ஃபீடரின் கோடு மேசை மாதிரித் தட்டையாக நின்றால், 'ஆஹா, நிலையாக இருக்கிறது' என்று நினைக்க வேண்டாம். எல்லா கம்ப்ரஸரும் முழு அளவில் ஓடியும் கேட்ட குளிர் வரவில்லை, இனி ஏற வழியில்லை என்பதால்தான் அந்தத் தட்டை. அழுக்கடைந்த கண்டென்ஸர், குறைந்த கேஸ், மூடாத கதவு, அல்லது ஏசியின் அளவே போதவில்லை.

போன மாதத்தைவிட இந்த மாதம் 8 சதவீதம் கூடிவிட்டது. வீணாக்குகிறோமா?

அதை வைத்து எதுவும் சொல்ல முடியாது. முதலில் ரீடிங் தேதிகளுக்கு இடையே எத்தனை நாள், அதில் எத்தனை வேலை நாள் என்று பாருங்கள். பொங்கல் விடுமுறை வரும் ஜனவரியையும் மார்ச்சையும் ஒப்பிடுவது நியாயமில்லை. அடுத்து வெயில்.

நான் பரிந்துரைப்பது ஒரே ஒரு படம். எக்ஸெல்லில் கீழ் அச்சில் அன்றைய சராசரி வெப்பநிலை, பக்க அச்சில் அன்றைய யூனிட், வேலை நாட்களுக்கு மட்டும் ஒரு நாளுக்கு ஒரு புள்ளி. சென்னையில் ஹீட்டர் கிடையாது என்பதால் புள்ளிகள் ஏறத்தாழ ஒரே சாய்கோட்டில் விழும். கோடு எவ்வளவு சாய்ந்திருக்கிறதோ அதுதான் ஒரு டிகிரிக்கு உங்கள் கட்டிடம் கேட்கும் யூனிட். கோட்டுக்கு மேலே தள்ளி நிற்கும் நாட்கள்தான் விசாரிக்க வேண்டிய நாட்கள். அக்னி நட்சத்திரத்தில் 8 சதவீதம் கூடியும் கோட்டிலேயே இருந்தால் யாரையும் கேள்வி கேட்க வேண்டியதில்லை. நவம்பரில் பில் குறைந்தும் புள்ளிகள் கோட்டுக்கு மேலே போனால் கேட்க வேண்டும். கடலோர ஊரில் ஒரு சிக்கல் உண்டு: மழைக்காலத்தில் வெப்பம் குறைந்தாலும் காற்றில் ஈரம் அதிகம், அதைப் பிழிந்தெடுக்கவும் ஏசி உழைக்க வேண்டும். அதனால் அந்த மாதப் புள்ளிகள் சற்று மேலே நிற்பது இயல்பு. போன வருடம் அதே மாதத்தோடு ஒப்பிடுங்கள்.

ஏசியை 24 டிகிரியில் வைத்தால் உண்மையிலேயே குறையுமா?

குறையும். ஒரு டிகிரி கூட்டினால் ஏறத்தாழ 6 சதவீதம் மிச்சம் என்பது மத்திய அரசின் எரிசக்தித் திறன் அமைப்பான பிஇஇ சொல்லும் கணக்கு; அறை ஏசிகள் தொடக்கத்திலேயே 24-ல் இருக்க வேண்டும் என்ற விதி 2020 ஜனவரியில் வந்தது. இது ஏசியின் யூனிட்டில்தான், மொத்த பில்லில் இல்லை. மேலே சொன்ன தட்டைக் கோடு உங்கள் கட்டிடத்தில் இருந்தால் முதலில் அதைச் சரிசெய்யுங்கள். 22-ஐத் தொடவே முடியாத ஏசியை 24-க்கு மாற்றினால் மதியத்தில் வித்தியாசம் தெரியாது.

பவர் ஃபேக்டரை யார் பார்த்துக்கொள்ள வேண்டும்? அது எலக்ட்ரீஷியன் வேலை இல்லையா?

பேனலைத் திறப்பது அவர் வேலை. எண்ணைப் பார்ப்பது உங்கள் வேலை. தமிழ்நாட்டில் ஹெச்டி இணைப்புக்கு 0.90-க்குக் கீழே போனால், 0.85 வரை ஒவ்வொரு 0.01-க்கும் மின்கட்டணத்தில் 1 சதவீதம் கூடுதலாகக் கட்ட வேண்டும்; அதற்கும் கீழே போனால் விகிதம் 1.5, பிறகு 2 என்று ஏறும். டிமாண்ட் கேவிஏவில் இருப்பதால் அடி அங்கேயும் விழும். நம் கட்டிடத்தின் 221 கிலோவாட், 0.96-ல் 230 கேவிஏ. அதே 221, ஏபிஎஃப்சி பேனலில் (பவர் ஃபேக்டரைத் தானாகச் சரிசெய்யும் கெபாசிட்டர் பேனல்) இரண்டு கெபாசிட்டர் பழுதாகி 0.88-க்கு விழுந்தால் 251 கேவிஏ. ஒப்பந்தத்தையே தாண்டியாயிற்று. மகாராஷ்டிரம், ஆந்திரம், தெலங்கானா போன்ற மாநிலங்களில் ஹெச்டி யூனிட்டையே கேவிஏ கணக்கில் அளக்கிறார்கள். அங்கே இது இன்னும் நேரடியாக வலிக்கும்.

சோலார் போட்ட பிறகு பவர் ஃபேக்டர் விழுந்துவிட்டது. சோலார் கோளாறா?

கோளாறு இல்லை, கணக்கு அப்படி. உங்கள் லோடு 150 கிலோவாட்டும் 60 கேவிஏஆரும் (வேலை செய்யாமல், மோட்டார் போன்றவற்றின் காந்தப்புலத்துக்காகப் போய்வரும் பகுதி) என்றால் பவர் ஃபேக்டர் 0.93. இன்வெர்ட்டர் வழக்கமாகக் கிலோவாட்டை மட்டும் தருகிறது. சோலார் 100 கிலோவாட் தந்ததும் ஈபியிலிருந்து எடுப்பது 50 கிலோவாட். 60 கேவிஏஆர் மட்டும் அப்படியே நிற்கும். ஈபி மீட்டர் பார்ப்பது 0.64. யூனிட்டில் சேமித்ததில் ஒரு பகுதி அபராதமாகப் போகும். கெபாசிட்டர் பேனலின் சிடி எங்கே இருக்கிறது என்று முதலில் பாருங்கள். அது ஈபி இன்கமரில் (மின்வாரிய மின்சாரம் பேனலுக்குள் நுழையும் இடத்தில்), சோலார் சேரும் இடத்துக்கும் மேலே இருக்க வேண்டும். நிறைய இன்வெர்ட்டர்களில் கேவிஏஆர் தரும் செட்டிங்கும் உண்டு. சோலார் போட்டவரையே கேளுங்கள்.

இன்னொன்று: சோலார் வந்த பின் ஈபி யூனிட் மட்டும் கட்டிடத்தின் பயன்பாடு ஆகாது. ஈபியிலிருந்து எடுத்தது, கூட்டல் சோலார் உற்பத்தி, கழித்தல் வெளியே அனுப்பியது. இதைச் செய்யாமல் பழைய பில்லோடு ஒப்பிட்டுச் சிக்கனம் வந்துவிட்டது என்று பெருமைப்படுகிறவர்கள் இருக்கிறார்கள்.

ஜெனரேட்டர் ஓடிய நேரத்தை என்ன செய்வது?

பராமரிப்பு ஷட்டவுன் நாளில் ஈபி யூனிட் குறையும். சேமிப்பு என்று எண்ணிவிடக் கூடாது. ஜெனரேட்டர் மீட்டர் யூனிட்டைச் சேர்த்துக்கொள்ளுங்கள். கூடவே டீசல் லிட்டரையும் எழுதுங்கள். நல்ல லோடில் லிட்டருக்கு மூன்று, மூன்றரை யூனிட் வர வேண்டும். இரண்டுக்கு இறங்கினால் ஜெனரேட்டர் மிகக் குறைந்த லோடில் ஓடுகிறது, அல்லது டீசல் வேறெங்கோ போகிறது. இரண்டாவது காரணத்தையும் நாகரிகம் பார்க்காமல் விசாரியுங்கள்.

பக்கத்துக் கட்டிடத்தோடு ஒப்பிடலாமா?

சதுர மீட்டருக்கு வருடம் எத்தனை யூனிட் என்ற கணக்கில் ஒப்பிடலாம். நமது 7,20,000 யூனிட்டை 5,000-ஆல் வகுத்தால் 144. பிஇஇயின் கட்டிட நட்சத்திர மதிப்பீடும் இந்த அளவைத்தான் வைத்து, தட்பவெப்ப மண்டலத்துக்கு ஏற்ப நட்சத்திரம் தருகிறது. சென்னை வெப்பமும் ஈரமும் உள்ள மண்டலம். பார்க்கிங்கைப் பரப்பில் சேர்த்துக் கணக்கை அழகாக்குவது பழைய தந்திரம். மூன்று ஷிஃப்ட் கட்டிடத்தோடு ஒற்றை ஷிஃப்ட்டை ஒப்பிடவும் வேண்டாம்.

சேமித்தோம் என்று நிர்வாகத்துக்கு எப்படிக் காட்டுவது?

மாற்றம் செய்யும் முன்பே பழைய வெயில்–யூனிட் கோட்டை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மாற்றத்துக்குப் பிறகு ஒவ்வொரு நாளின் வெப்பநிலைக்கும் பழைய கோடு எத்தனை யூனிட் சொல்லியிருக்கும் என்று பார்த்து, உண்மையில் ஆனதைக் கழியுங்கள். புதிய கருவி விற்றவர் தரும் சேமிப்பு அறிக்கை, பெரும்பாலும் மே மாதத்தை நவம்பரோடு ஒப்பிட்டதாக இருக்கும். கேட்டுப் பாருங்கள், முகம் மாறும்.

வரவேற்பறையில் பெரிய திரையில் டாஷ்போர்டு வைக்கலாமா?

வைக்கலாம், விருந்தினருக்கு நன்றாக இருக்கும். அந்தப் பணத்தில் ஒருவருக்குத் தினமும் காலை பத்து நிமிடம் ஒதுக்கினால் இன்னும் நல்லது: நேற்று இரவு யூனிட் எவ்வளவு, கோட்டுக்கு மேலே போனதா, போனால் யாரைக் கேட்பது. கேட்கும் அதிகாரமும் அவரிடம் இருக்க வேண்டும்.

ஈபி மீட்டரிலேயே நம் கருவியை இணைத்துத் தரவு எடுக்கலாமா?

கூடாது. சீல் வைத்த மீட்டரையும் அதன் சிடி வயரையும் தொடுவது மின்திருட்டுச் சந்தேகத்தில் கொண்டுபோய் விடும். கண்ணாடிக்கு வெளியே நின்று போட்டோ எடுக்கலாம், துடிப்பை எண்ணலாம். தொடர்ந்து பதிவு வேண்டுமென்றால் உங்கள் பக்கத்து மெயின் பேனலில் சொந்தமாக ஒரு மீட்டர் வைத்துக்கொள்ளுங்கள்.